வஸ்வாஸ்: பேணுதலா, பிணியா?



 

மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி, கொண்டச்சி, சிலாவத்துறை என விரியும் நமது முசலிக் கரையோரம் தண்ணீரின் அருமையை நன்கறிந்த பூமியாகும். மாரி பொய்த்தால் குளம் வற்றும். கோடை நீண்டால் கிணறு உவர்க்கும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இப்பகுதி மக்களும் ஊரைத் துறந்து புத்தளத்து அகதி முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே வாளித் தண்ணீருக்காக வரிசையில் நின்று, கிடைத்த சிறிதளவு நீரில் வுழூச் செய்து, ஐவேளைத் தொழுகையையும் நிறைவேற்றிய தலைமுறை அது. 2009இல் யுத்தம் ஓய்ந்த பின்னர் மீண்டும் வந்து, காடாகிக் கிடந்த காணிகளைத் துப்புரவாக்கிப் பள்ளிவாசல்களை எழுப்பியவர்களும் அவர்களே. சிறிதளவு நீரால் நிறைவான தொழுகை கைகூடும் என்பதற்கு அவர்களுடைய வாழ்வே சான்றாகும்.

ஆயினும், தாராளமாகத் தண்ணீர் இருந்தும் வுழூவை முடிக்க இயலாமல் தவிப்போர் நம்மிடையே உள்ளனர். கையைக் கழுவுவார்கள், நனைந்ததா என ஐயுறுவார்கள், மீண்டும் கழுவுவார்கள். தக்பீர் கட்டுவார்கள், நிய்யத் சரியாக அமையவில்லையோ என அஞ்சிக் கையை அவிழ்ப்பார்கள், மீண்டும் கட்டுவார்கள். இமாம் ருகூவுக்குச் சென்றிருப்பார். இவர்களோ இன்னும் தொழுகைக்குள் நுழைந்திருக்கமாட்டார்கள். பார்ப்பவர்களில் ஒருசாரார் இவர்களைப் பேணுதல் மிக்கவர்கள் எனப் புகழ்வர். மற்றொரு சாரார் ஈமான் குறைந்தவர்கள் என்றோ, ஜின் பிடித்தவர்கள் என்றோ கூறுவர். இவ்விரு கூற்றுகளும் அவர்களுடைய துன்பத்தைப் பெருக்குமேயன்றிக் குறைக்கமாட்டா. இறுதியில் சிலர், தொழ முனைந்தாலே வேதனை என்ற நிலையை அடைந்து, தொழுகையையே கைவிட்டு விடுகின்றனர். தொழுகையின் மீது கொண்ட அளவுகடந்த அச்சமே ஒருவரைத் தொழுகையற்றவராக்கிவிடும் இந்த அவலத்தைக் குறித்தும், அதற்கு இன்றுள்ள சிகிச்சையைக் குறித்தும் சற்று விரிவாக நோக்குவோம்.

நோயின் இயல்பு

நாம் வஸ்வாஸ் என்றும் மன ஊசாட்டம் என்றும் அழைக்கும் இந்நிலை கடுமையடைந்து வாழ்வைக் குலைக்கும்போது, வைத்தியர்கள் அதனை ஓ.சி.டி. என்கின்றனர். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று குறிப்பிடுவதுண்டு. இதற்கு இரு பகுதிகள் உள்ளன. முதலாவது, விரும்பாமலேயே மீண்டும் மீண்டும் உள்ளத்தில் நுழைந்து அச்சமூட்டும் எண்ணம். இரண்டாவது, அவ்வச்சத்தைத் தணிப்பதற்காகச் செய்யாமல் இருக்கவியலாத செயல். கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், திரும்ப ஓதுதல், பிறரிடம் கேட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுதல் ஆகியன அச்செயல்களுள் சில. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இவற்றில் கழியுமாயினும், அன்றாடக் கடமைகள் தடைப்படுமாயினும் அது நோயென்றே கொள்ளப்படும்.

இந்நோயைத் தாங்கி நிறுத்தும் பொறி எளிமையானது. எண்ணம் வருகிறது, அச்சம் எழுகிறது, கழுவியதும் அச்சம் சற்றுத் தணிகிறது. அந்தத் தணிவே ஆபத்தாகும். “கழுவியதால்தான் தப்பினேன்” என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் வருகையில் கழுவவேண்டும் என்ற உந்துதல் முன்னிலும் வலுக்கிறது. மூன்று முறை போதுமாயிருந்தது பத்தாகும், பத்து முப்பதாகும். தாகத்துக்குக் கடல்நீர் குடிப்பவனின் நிலையை இது ஒத்தது. குடிக்கும் கணத்தில் நா நனையும், தாகமோ பெருகும்.

கழுவுதல் மாத்திரமே இந்நோயின் வடிவமன்று. மனைவியுடன் பேசிக்கொண்டிருந்த ஒருவர், தம் வாயிலிருந்து தலாக் என்ற சொல் வந்துவிட்டதோ என அஞ்சி, ஆலிம் மாறி ஆலிமாகச் சென்று தீர்ப்புக் கேட்பார். இறைவனைப் பற்றித் தகாத எண்ணம் உள்ளத்தில் மின்னி மறைந்ததும், இஸ்லாத்தை விட்டே வெளியேறிவிட்டேனோ என்று நடுங்கி, நாளில் பலமுறை கலிமாவை மொழிவார் இன்னொருவர். பிள்ளை பெற்ற இளந்தாய் ஒருத்தி, குழந்தைக்குத் தன் கையாலேயே தீங்கு நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் எழ, கத்தியைக் கண்டாலே விலகி ஓடுவாள். யாரிடமும் சொல்லவும் வெட்கப்படுவாள். இந்நோயில் வரும் எண்ணம் அவருடைய விருப்பத்தின் வெளிப்பாடன்று. எதை அவர் உயிரினும் மேலாக மதிக்கின்றாரோ, அதனையே நோய் குறிவைத்துத் தாக்குகிறது. தொழுகையை நேசிப்பவருக்குத் தொழுகையிலும், மனைவியை நேசிப்பவருக்கு மணவாழ்விலும், தாய்க்குச் சேயிலும் அது குத்துகிறது.

முன்னோர் கண்ட தெளிவு

இந்நிலையை முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நோக்கி ஆராய்ந்திருந்தனர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரப் பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து, 934ஆம் ஆண்டளவில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடல்களுக்கும் ஆன்மாக்களுக்கும் உரிய நலன்களைப் பற்றி ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்றொரு நூல் எழுதினார். உள்ளத்தின் துன்பங்களைக் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்காகப் பிரித்து, வஸ்வாஸுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கினார். உடல் நோயுறுவது போன்றே உள்ளமும் நோயுறும். அதற்கும் மருத்துவம் உண்டு என்பது அவருடைய துணிபு. தனிமையைத் தவிர்க்கவும், பிறருடன் கலந்து பழகவும், பயனுள்ள பணியில் ஈடுபடவும், தீய எண்ணத்தை அறிவார்ந்த எண்ணங்களால் எதிர்கொள்ளவும் அவர் வழிகாட்டினார். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரானியா அவாத் என்ற மனநல வைத்தியரும் ஸாரா அலியும் இப்பகுதியை ஆய்ந்து, பல்கீயின் விவரிப்பு இன்றைய மனநோய் வரையறையுடன் பெரிதும் ஒத்துப்போவதை எடுத்துக்காட்டினர்.

மார்க்கச் சட்ட அறிஞர்களும் இதில் தெளிவாயிருந்தனர். பக்தாத் நகரத்து ஹன்பலி அறிஞர் இப்னு அகீல் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் வந்து, தாம் பலமுறை நீரில் மூழ்கி எழுந்தும் குளிப்பு நிறைவேறியதா என்ற ஐயம் நீங்கவில்லை என முறையிட்டார். அத்தகையவருக்குத் தொழுகையே கடமையில்லை என்று அறிஞர் பதிலளித்தார். வியந்து காரணம் கேட்டபோது, அறிவு பேதலித்தவரின் மீது கடமை எழுதப்படுவதில்லை அன்றோ என்றார். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். அந்தப் பதிலின் கடுமையை நாம் இன்று ஒரு நோயாளியின் முகத்துக்கு நேரே காட்டுதல் தகாது. இந்நோயாளர் அறிவு பேதலித்தவரும் அல்லர். எனினும் அதிலுள்ள கருத்து கவனத்துக்குரியது. அளவு கடந்த கழுவுதலை அவ்வறிஞர் பக்தி எனப் பாராட்டவில்லை. இப்னு குதாமா (ரஹ்) அவர்களோ, வஸ்வாஸுக்கு இடங்கொடுப்போரைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார்கள்.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இதற்குரிய ஒரு வழி குறிப்பாக உள்ளது. தக்பீரின் ஒவ்வோர் எழுத்துடனும் நிய்யத் முழுமையாக இணைந்திருக்கவேண்டும் என நுணுக்கமாகப் பார்க்கப் புகுந்தால், வஸ்வாஸ் உடையவர் வாழ்நாளெல்லாம் தக்பீரிலேயே நிற்கவேண்டியதுதான். இமாமுல் ஹரமைன், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆகியோர், வழக்கில் இன்ன தொழுகையைத் தொழுகிறோம் என்ற உணர்வு தக்பீரின்போது இருந்தாலே போதும் என்றனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் இதனையே தேர்ந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டு ஷாபிஈ அறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்களிடம் வஸ்வாஸுக்கு மருந்துண்டா என வினவப்பட்டது. அதனை முற்றிலும் பொருட்படுத்தாது விடுவதே மருந்து எனவும், அதற்குச் செவிசாய்ப்பவரிடம் அது மேன்மேலும் பெருகும் எனவும் அவர்கள் விளக்கினார்கள். இன்றைய சிகிச்சையின் அடித்தளமும் இதுவே என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

எல்லா உள்ளங்களிலும் எழும் எண்ணம்

நபித்தோழர்களில் சிலர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்லவும் அஞ்சத்தக்க எண்ணங்கள் தங்கள் உள்ளங்களில் எழுவதாக முறையிட்டனர். அவ்வாறு அஞ்சுவதே தெளிவான ஈமானின் அடையாளம் என நபியவர்கள் ஆறுதல் மொழிந்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. உள்ளத்தில் தோன்றும் எண்ணங்களைச் செயலாகவோ சொல்லாகவோ ஆக்காத வரையில் அல்லாஹ் மன்னித்துவிடுகிறான் என்ற நபிமொழியும் பிரசித்தமானது. ஆகவே, உள்ளத்தில் மின்னிய தலாக் தலாக்காகாது. உள்ளத்தில் மின்னிய குஃப்ரு குஃப்ராகாது.

இதே உண்மையை அறிவியல் வழியில் நிறுவியவர்களுள் ஒருவர் நமது நாட்டவர். இலங்கையில் பிறந்து, லண்டன் மனநோயியல் நிறுவகத்தில் பணியாற்றிய உளவியலாளர் பத்மால் டி சில்வா அவர்கள், 1978ஆம் ஆண்டில் பேராசிரியர் ரக்மனுடன் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். எந்த நோயுமற்ற சாதாரண மக்களில் மிகப் பெரும்பாலோரின் உள்ளத்திலும் வன்முறை, அசுத்தம், தகாத செயல் பற்றிய எண்ணங்கள் எழுகின்றன. அவற்றின் உள்ளடக்கம் நோயாளிகளின் எண்ணங்களிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை என்று அவ்வாய்வு காட்டியது. வேறுபாடு எங்கே உள்ளது? சாதாரண மனிதர் அவ்வெண்ணத்தை அற்பமெனத் தள்ளிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார். நோயாளியோ அதனைப் பெரும் பாவமாகவும் வரவிருக்கும் ஆபத்தின் அறிகுறியாகவும் கொண்டு, அதனுடன் மல்லுக்கு நிற்கிறார். மல்லுக்கு நிற்க நிற்க எண்ணம் வேரூன்றுகிறது.

இந்நோய் முஸ்லிம்களுக்கே உரியதென எவரும் கருதவேண்டியதில்லை. எகிப்தில் அஹ்மத் உகாஷா என்ற மனநோயியல் பேராசிரியர் 90 நோயாளிகளை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட கட்டுரையில், மார்க்கம் பற்றியதும் அசுத்தம் பற்றியதுமான எண்ணங்களே மிகுதியாகக் காணப்பட்டன. கிறிஸ்தவர்களிடம் பாவமன்னிப்புப் பற்றியும், யூதர்களிடம் உணவு விதிகள் பற்றியும், மார்க்கப் பற்றற்றவர்களிடம் கிருமிகள் பற்றியும் அதே நோய் வேறு வேடம் பூண்டு வருகிறது. வேடம் ஊருக்கேற்ப மாறும். உள்ளிருக்கும் பிணி ஒன்றே. மூளையின் சில பகுதிகளுக்கிடையிலான தொடர்பின் இயக்கமும், பரம்பரையும், வாழ்வின் நெருக்கடிகளும் இதற்குப் பங்களிக்கின்றன. உலகில் நூற்றுக்கு இரண்டு பேரளவில் தம் வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் சிறுபராயத்திலோ இளமையிலோ தொடங்குகிறது. எனவே இதனைப் பாவத்தின் தண்டனை எனப் பழிப்பது அறியாமையாகும்.

சிகிச்சை எவ்வாறு நிகழ்கிறது?

1960களின் நடுப்பகுதி வரை இந்நோய்க்குப் பயன்தரும் சிகிச்சை அரிதாகவே இருந்தது. 1966ஆம் ஆண்டில் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நாட்பட்ட நோயால் வருந்திய இரு நோயாளிகளைக் குணப்படுத்திய முறையை வெளியிட்டார். அவர்களுள் ஒருவர் கழுவும் கட்டாயத்துக்கு ஆளானவர். மற்றவர் மார்க்க நிந்தனை எண்ணங்களால் அலைக்கழிந்தவர். அஞ்சுகின்ற பொருளையும் சூழலையும் அவர்கள் எதிர்கொள்ளச் செய்து, அதன்பின் வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யவிடாது தாதியர் துணையுடன் தடுத்து வைத்தார். ஆபத்து எதுவும் நேரவில்லை என்பதை அவர்களுடைய உள்ளம் அனுபவத்தால் கற்றுக்கொண்டது. பின்னர் லண்டனில் ரக்மன், ஐசக் மார்க்ஸ் முதலியோரும், அமெரிக்காவில் எட்னா ஃபோவா அவர்களும் இம்முறையை வளர்த்தெடுத்தனர். அச்சத்தை எதிர்கொள்ளுதல், சடங்கைத் தவிர்த்தல் என்ற இரு சொற்களில் இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இன்று எவரையும் பலவந்தமாகத் தடுத்துவைப்பதில்லை. நோயாளியும் சிகிச்சையாளரும் ஒன்றாக அமர்ந்து, அச்சங்களை ஏணியின் படிகளைப் போன்று சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்துகின்றனர். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நூறு வரை புள்ளியிடுகின்றனர். பின்னர் கீழ்ப்படியிலிருந்து தொடங்குகின்றனர்.

வுழூச் செய்ய ஒரு மணித்தியாலம் எடுக்கும் பெண்ணொருத்தியை உதாரணமாகக் கொள்வோம். முதற்படியில், கழுவிய முழங்கையைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த உறுப்புக்குச் செல்லவேண்டும். இரண்டாம் படியில், ஓடும் குழாய்க்குப் பதிலாக அளந்து வைத்த ஒரு சாடி நீரால் வுழூவை முடிக்கவேண்டும். மூன்றாம் படியில், ஒவ்வோர் உறுப்பையும் மூன்று முறைக்கு மேல் கழுவாது நிறுத்தவேண்டும். நான்காம் படியில், வுழூ முறிந்ததோ என்ற ஐயம் எழுந்தபோதும் திரும்பச் செய்யாமல் தொழவேண்டும். ஐந்தாம் படியில், தெருநாய் கடந்துபோன வழியால் நடந்து வந்து, உடுப்பை மாற்றாமல் தொழவேண்டும்.

ஒவ்வொரு படியிலும் அச்சம் எழும். உள்ளம் படபடக்கும், “இம்முறை மாத்திரம் கழுவிவிடு” எனக் கெஞ்சும். கழுவாமல் பொறுத்திருந்தால் அச்சம் உச்சத்தை அடைந்து, பின்னர் தானாகவே இறங்கத் தொடங்கும். கரையில் எழும் அலையை யாரும் கையால் தள்ளிப் பின்னோக்கி அனுப்புவதில்லை. அது தானே வந்து தானே மடிகிறது. சில நாட்களில் அச்சம் முற்றாக இறங்காதிருக்கவும் கூடும். அப்போதும், ஐயத்தைச் சுமந்தபடியே கடமையை நிறைவேற்ற இயலும் என்ற பாடம் கிடைக்கிறது. அதுவே பெரிய வெற்றியாகும். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகளில் இச்சிகிச்சை நடைபெறும். எனினும் வீட்டில் நாள்தோறும் செய்யும் பயிற்சியே அதன் உயிர்நாடி.

மாத்திரைகளும் துணைபுரிகின்றன. குளோமிப்ரமின் என்ற மருந்து 1960களின் இறுதியிலேயே இந்நோய்க்குப் பயன்படுவது அறியப்பட்டது. பின்னர் ஃபுளுவொக்ஸமின், ஃபுளுவொக்ஸெடின், செர்ட்ரலின் போன்ற பக்கவிளைவு குறைந்த மருந்துகள் வந்தன. இவை ஓரிரு நாட்களில் பலன் தருவனவல்ல. முழுப்பலனை அறிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பொறுத்திருக்கவேண்டும். “இரு கிழமை குடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை” என நிறுத்துவோரே நம்மில் அநேகர். இவை போதைப்பொருட்களல்ல; ஆயினும் வைத்தியரின் ஆலோசனையின்றித் திடீரென நிறுத்தலாகாது. இவற்றுள் பல நாளொன்றுக்கு ஒருமுறை எடுப்பவை. எனவே நோன்பு காலத்தில் இஃப்தாருக்குப் பின்னரோ ஸஹரிலோ எடுக்க முடியுமா என வைத்தியரிடம் முற்கூட்டியே கேட்டறிவது நன்று.

2005ஆம் ஆண்டில் எட்னா ஃபோவா அவர்களின் குழுவினர் 122 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு நம்பிக்கையூட்டுவது. மேற்கூறிய பயிற்சிச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 62 பேரும், குளோமிப்ரமின் மாத்திரம் பெற்றோரில் 42 பேரும், இரண்டையும் பெற்றோரில் 70 பேரும் முன்னேற்றம் கண்டனர். மருந்தற்ற வெறும் மாத்திரை பெற்றோரில் முன்னேறியவர்கள் 8 பேரே. இது தீராத நோய் எனக் கைவிடுவதற்கு நியாயமில்லை என்பதை இவ்விலக்கங்கள் சொல்கின்றன.

சிகிச்சை மார்க்கத்துக்கு முரணா?

“கழுவாதே என்று வைத்தியர் சொல்கிறார், தொழுகை பாழாகாதா?” என்ற கேள்வி நோயாளியின் உள்ளத்தில் எழுவது இயல்பே. ஷரீஅத்தின் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரால் வுழூச் செய்தார்கள். அது ஒரு லீற்றருக்கும் குறைந்த அளவாகும். குளிப்புக்கு ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரை பயன்படுத்தினார்கள். மூன்று முறைக்கு மேல் உறுப்பைக் கழுவுவது எல்லை மீறல் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என ஐயுறுபவர், சத்தத்தைக் கேட்டாலோ வாடையை உணர்ந்தாலோ அன்றித் தொழுகையை விட்டு விலகலாகாது என்பது நபிகளாரின் தெளிவான கட்டளை. உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது பிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நாயின் ஈரம் ஆடையில் பட்டதோ என்ற வெறும் ஐயத்தால் ஆடை நஜீஸாகிவிடாது.

ஆக, சிகிச்சை கேட்பதெல்லாம் ஷரீஅத் வரைந்த கோட்டுக்குத் திரும்பி வருவதையே. உறுதியாக நஜீஸ் என அறிந்த பொருளைப் பூசிக்கொண்டு தொழும்படி எந்தச் சிகிச்சையாளரும் கேட்கத் தேவையில்லை. எங்கே எல்லை என்பதில் நோயாளிக்குத் தயக்கம் இருந்தால், நம்பிக்கைக்குரிய ஆலிம் ஒருவரும் வைத்தியரும் கலந்து பேசி, முதலிலேயே அதனை வகுத்துக் கொடுத்தல் சாலச் சிறந்தது. நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையை ஏற்பதும் வணக்கமே. எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்ற அல்பகராவின் இறுதி வசனக் கருத்து இத்தகையவர்களுக்கும் உரியதன்றோ.

வஸ்வாஸ் ஷைத்தானிடமிருந்து வருவதென்றால் வைத்தியம் எதற்கு எனச் சிலர் வினவுவர். ஷைத்தானின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடுவதும், சூரத்துந் நாஸ் ஓதுவதும் நம் கடமையும் ஆறுதலுமாகும். எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் அல்லாஹ் நோயை இறக்கவில்லை என்று கூறி, மருத்துவம் செய்ய ஏவியவர்களும் நம் நபியே. ஓதிப் பார்த்தலும் மருத்துவமும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. ஆனால் ஒரு விடயத்தில் விழிப்பு வேண்டும். பாதுகாவல் துஆவையே நூறு முறை, இருநூறு முறை என எண்ணி, எண்ணிக்கை தவறினால் மீண்டும் தொடங்கும் நிலை வந்தால், அந்த ஓதலையும் நோய் தன் ஆயுதமாக்கிக்கொண்டது என்று பொருள். ஜின்னை விரட்டுவதாகக் கூறி அடிப்பதும் சூடு வைப்பதும் பெரும் அநீதியாகும்.

குடும்பத்தாரும் ஆலிம்களும் செய்யவேண்டியவை

நோயாளியின் மீதுள்ள அன்பினாலேயே குடும்பத்தார் நோய்க்குத் தீனி போடுகின்றனர். “உம்மா, என் கை சுத்தமா?” என மகன் கேட்கிறான். “ஓம், சுத்தம்” என்கிறார் தாய். ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி. நாளொன்றுக்கு ஐம்பது முறை பதில் சொல்லியும் அவன் அமைதியடைவதில்லை. ஏனெனில் பதில் கேட்பதும் கழுவுதலைப் போன்றதொரு சடங்காகிவிட்டது. சிகிச்சை தொடங்கிய பின், அவனுடன் முன்னரே பேசி இணங்கிக்கொண்டு, “இது நோயின் கேள்வி மகன், இதற்கு நான் பதில் சொல்வதில்லை என்று பேசியிருக்கிறோம். கொஞ்சம் பொறுத்திரு, நான் உன் பக்கத்திலே இருக்கிறேன்” எனக் கனிவுடன் கூறுவதே மெய்யான உதவியாகும். ஏசுவதும் கேலி செய்வதும் தண்ணீரைப் பூட்டி வைப்பதும் தீமையே பயக்கும்.

ஆலிம்களுக்கும் இதுவே பொருந்தும். ஒரே மஸ்அலாவை ஒருவர் மீண்டும் மீண்டும் கேட்டு வருவாராயின், மார்க்கத் தீர்ப்பை ஒருமுறை தெளிவாகவும் உறுதியாகவும் வழங்குங்கள். இரண்டாம் முறை வருகையில், தீர்ப்பைத் திரும்பச் சொல்லாமல் நோயைப் பற்றிப் பேசி, வைத்தியரிடம் அனுப்புங்கள். பத்தாம் முறையும் பொறுமையுடன் பதிலளிப்பது கருணையாகத் தோன்றலாம். உண்மையில் அது நோயை நீட்டிக்கும். பேணுதலுக்காக இன்னொரு முறை கழுவிக்கொள்ளும்படி இவர்களுக்கு ஒருபோதும் கூறிவிடாதீர்கள். ஆரோக்கியமானவருக்கு நன்மையான அறிவுரை, நோயாளிக்கு நஞ்சாகலாம்.

உதவி எங்கே கிடைக்கும்?

நமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் மனநலச் சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகிறது. முசலிப் பகுதியினர் அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையின் வைத்தியரிடம் முதலில் விடயத்தைக் கூறி, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் பெற்றுச் செல்லலாம். புத்தளத்தில் இன்னமும் உறவும் வீடும் உள்ளவர்கள் அங்குள்ள வைத்தியசாலையை நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்து ஆலோசனை பெறலாம். வைத்தியரிடம் வெறுமனே “தலையிடி, நித்திரையில்லை” என்று கூறித் திரும்பிவிடாதீர்கள். எவ்வளவு நேரம் கழுவுகிறீர்கள், எந்த எண்ணம் வருகிறது, எதைத் தவிர்க்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். தகாத எண்ணமாயினும் வெட்கப்படவேண்டாம். அவ்வைத்தியர் அதனைப் பலரிடம் கேட்டிருப்பார். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அன்றைய தினமே உதவி நாடுதல் அவசியம்.

அன்புக்குரிய நேயர்களே! பள்ளிவாசல் ஹவுழருகே நெடுநேரம் அமர்ந்திருக்கும் ஒருவரைக் கண்டால், அவரைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். ஸலாம் கூறி, அருகில் அமர்ந்து, “இதற்குச் சிகிச்சை இருக்கிறது” என்ற ஒரு வார்த்தையை அவர் காதில் போடுங்கள். மார்க்கம் இலகுவானது என்ற நபிமொழியை அவர் நூறு முறை கேட்டிருப்பார். அதனை வாழ்ந்து பார்க்க அவருக்குத் தேவைப்படுவது ஒரு துணையே.

யா அல்லாஹ்! உள்ளத்தின் பிணிகளால் வருந்தும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு நிறைவான சுகத்தை அருள்வாயாக! அவர்களுக்குத் துணைநிற்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக! உன்னை வணங்குவதை எங்கள் அனைவருக்கும் இலகுவாக்கி வைப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.